பாட்டி வீட்டுக் கோழி சோர்ந்து நிக்குதா? விற்கும் முன், வண்டியில் ஏற்றும் முன் இதைப் படிங்க

ஷா ஆலத்தின் ஓரங்களில் இன்னும் கம்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு பாட்டி வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளும் இரண்டு மூன்று ஆடுகளும் இருக்கின்றன என்று வையுங்கள். வார இறுதியில் நீங்கள் போய்ப் பார்த்தால் மூன்று கோழிகள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. ஒன்று செத்துக் கிடக்கிறது. "மிச்சத்தையாவது அறுத்துடலாம், இல்லைன்னா யாருக்காவது வித்துடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும்.

சிக்கனமாகத் தெரியும் இந்த முடிவில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன்?

இது என்ன நோயாக இருக்கும்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூகாசல் நோய். மலாயில் இதை 'சம்பார் ஆயாம்' என்பார்கள், தமிழ்நாட்டில் 'வெள்ளைக்கழிச்சல்'. பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது ஆகியவை இதன் அறிகுறிகள். வைரஸ் நோய் என்பதால் ஆண்டிபயாட்டிக் கொடுத்தாலும் குணமாகாது.

இரண்டாவது பறவைக் காய்ச்சல். கொண்டை நீலம் பூப்பது, முகம் வீங்குவது, திடீரென்று பல கோழிகள் சாவது இதில் நடக்கும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். எது என்று ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். நியூகாசல் மனிதர்களுக்குப் பெரும்பாலும் கண் சிவப்போடு போய்விடும். ஆனால் H5N1 வகைப் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றினால் உயிரையே பறிக்கலாம். அதனால்தான், "நமக்குத் தெரிஞ்ச நோய்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

நம்ம பக்கத்தில் இது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் H5N1 கண்டுபிடிக்கப்பட்டது. தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியாக அது நுழைந்திருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினார்கள். 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரின் செத்தாப்பாக் வட்டாரத்திலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவின் பாயா ஜாராஸ் கம்பத்திலும் அது தலைகாட்டியது. சுங்கை பூலோ ஷா ஆலத்துக்கு ரொம்ப தூரமில்லை. இந்த இடங்களில் எல்லாம் நோய் முதலில் தெரிந்தது கம்பத்து வீடுகளில் வளர்த்த கோழிகளில்தான்.

வித்துட்டா என்ன ஆகும்?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1998 பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஒரு நோய் தொடங்கியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அங்கிருந்து பன்றிகள் லாரி ஏறி வேறு மாநிலங்களுக்குப் போயின, நோயும் கூடவே போனது. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கும் தொற்றியது. அதுதான் நிப்பா வைரஸ். மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

வைரஸ் வேறு, விலங்கு வேறு. ஆனால் பரவிய வழி நமக்கும் பொருந்தும். நோய் தானாக ஊர் தாண்டுவதைவிட, நாம் விற்கும் விலங்கிலும் கழுவாத கூண்டிலும் செருப்பிலும் டயரிலும்தான் அதிகம் பயணம் செய்கிறது.

அப்போ உடனே என்ன செய்யணும்?

• சோர்ந்த கோழிகளைத் தனியாக அடையுங்கள். விற்கவோ, தானமாகக் கொடுக்கவோ, அறுக்கவோ வேண்டாம்.
• மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.
• செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். கால்வாயில் வீசாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று அதிகாரி சொல்வார்.
• கூண்டையும் செருப்பையும் முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கிருமிநாசினி தெளியுங்கள். அழுக்கு இருந்தால் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது.

தடுப்பூசி உண்டா?

நியூகாசலுக்கு உண்டு. ஆரோக்கியமான கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிற வகையும் இருக்கிறது. இதில் நம்ம சிலாங்கூருக்கும் பங்கு உண்டு. 1980களில் செர்டாங் பல்கலைக்கழக (இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள், ஐனி இட்ரிஸ் உட்பட, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து வெப்பத்தைத் தாங்கும் V4 தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்காக உருவாக்கினார்கள். குளிர்பெட்டி வசதி இல்லாத கிராமங்களுக்கு அது பெரிய உதவி. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டை ஏத்திட்டு வரும்போது?

தீபாவளிக்கோ, கோயில் நேர்த்திக்கடனுக்கோ, வளர்ப்பதற்கோ ஆடு வாங்கப் போகிறீர்களா? ஏற்றுவதற்கு முன் வாயையும் குளம்பையும் பாருங்கள். வாயில் புண், எச்சில் ஒழுகல், நொண்டல் இருந்தால் கோமாரி நோயாக இருக்கலாம். ஆடுகளில் அறிகுறி லேசாகத்தான் தெரியும், ஆனாலும் மாடுகளுக்குப் பரவும்.

உச்சி வெயிலில் கிளம்ப வேண்டாம், விடியற்காலை நல்லது. வழுக்காத தரையும் காற்றோட்டமும் நிழலும் வேணும். காலைக் கட்டிக் கார் பூட்டில் போடுவது கொடுமை. கொம்புள்ள கிடாவைக் குட்டிகளோடு அடைக்காதீர்கள், நிறைமாதச் சினை ஆட்டை ஏற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் புது ஆட்டைக் குறைந்தது இரண்டு வாரம் பழைய ஆடுகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கால்நடையைக் கொண்டுபோகக் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதி வேண்டும். விலங்கைக் கொடுமைப்படுத்தினால், 2015 விலங்குநலச் சட்டப்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தாமான் வீட்டில் வளர்க்க நினைத்தால் மாநகர் மன்றத்திடம் முதலில் கேளுங்கள்.

பாட்டிக்கு அந்தக் கோழிகள் வெறும் முட்டைக் காசு மட்டுமல்ல. அதனால்தான் மறைக்கத் தோன்றும். அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த போனை நீங்களே போட்டுக் கொடுங்கள். ஒரு கொல்லையோடு நோய் நிற்குமா, கம்பம் முழுக்கப் போகுமா என்பதை அந்த ஒரு அழைப்பு தீர்மானிக்கலாம்.