அரைப்பேர்: ஊவாத் தோட்டத்துக் கிறிஸ்தவத் தாயின் சரித்திரம்

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒன்று நம்மைக் கூப்பிடுகிற பேர். மற்றது ஒரு நாள் வேலைக்கான கணக்கு. சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைஞ்சா அரைப்பேர். மலையக வரலாற்றை எழுதியவர்கள் நம்ம பாட்டிமாருக்குப் போட்டதும் பெரும்பாலும் அரைப்பேர்தான். தொழிற்சங்கத் தலைவர்களின் பேர் தெரியும், துரைமாரின் பேர் தெரியும். 1940இல் பதுளைக்குப் பக்கத்தில் நடந்த வெவெஸ்ஸ தோட்டப் போராட்டம் பற்றிக்கூட நாலு வரி வாசிக்கக் கிடைக்கும். அந்த லயங்களில் பிள்ளை பெற்று, கொழுந்து எடுத்து, ராத்திரி ஜெபம் சொல்லிவிட்டுப் படுத்த பெண்ணைப் பற்றி என்ன கிடைக்கும்?

இந்தக் கட்டுரையில் நான் பேச நினைப்பது அவளைப் பற்றித்தான். ஊவாவில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து மக்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைதான். திருநெல்வேலி, மதுரை, திருச்சிப் பக்கமிருந்து வரும்போதே வேதக்காரர்களாக வந்தவர்கள் உண்டு. இங்கே வந்து ஞானஸ்நானம் எடுத்தவர்களும் உண்டு.

1850களில் கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் சி.எம்.எஸ். சங்கமும் சேர்ந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டார்கள். காசில் பெரும் பங்கு துரைமார் கொடுத்தது. அதனால்தான் நம்ம நண்பர்கள் சிலர், "அடங்கி வேலை செய்யிற ஆளை உண்டாக்கத்தானே மதத்தைக் கொண்டுவந்தாங்க?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. காசு கொடுத்தவனுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும். ஆனால் அதை வைத்து, அந்த வேதத்தை லயத்துக் காம்பராவுக்குள் கொண்டுபோன பெண் அதை என்ன செய்தாள் என்று முடிவு சொல்ல முடியாது.

பதுளை டவுனில் இருக்கிற புனித மாற்கு ஆலயத்தைப் பாருங்கள். 1857இல் திறந்தது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போன மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். அவருக்கு ஒரு கோயிலே நினைவுச்சின்னம். அதே காலத்தில் மலையேறி வந்த கூலிப்பெண்ணுக்குக் கல்லறையில் ஒரு கல்கூட இல்லை.

அவளுடைய நாள் எப்படிப் போனது? விடியுமுன் எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. அட்டைக் கடி, மழை, கங்காணியின் ஏச்சு. பின்னேரம் நிறுவை முடிந்து வந்தால் தண்ணி, விறகு, அடுப்பு. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலம் இருந்தால் அதில் மரக்கறி, வசதிப்பட்டால் ஒரு மாடு. சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் புருஷனே போய் வாங்குகிற வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சம்பளமும் ஆணை விடக் குறைவு. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றுதான் நிர்ணயித்தார்கள். சமசம்பளம் கிடைத்தது 1984இல்.

இதற்குள் அவள் பக்தியாகவும் இருந்தாள். பாதிரியார் எப்போதாவதுதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாட்களில் வேதத்தைக் காப்பாற்றியது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். குப்பி லாம்பு வெளிச்சத்தில் செபமாலை சொன்னதும், பிள்ளைக்கு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" சொல்லிக் கொடுத்ததும் அவர்கள். ஆடி மாதம் தலவிலை அன்னம்மாள், ஆவணியில் மடு மாதா என்று நேர்த்திக்கடன் வைத்துக் காசு சேர்த்ததும் அவர்கள். 1924இல் ரயில் பதுளை வரைக்கும் வந்த பிறகு அந்தப் பயணம் கொஞ்சம் சுலபமானது. வருஷம் முழுக்க மலையை விட்டு இறங்காத பெண், துரையின் உத்தரவுக்காக இல்லாமல் தன் நேர்த்திக்காகப் போன ஒரே தூரப் பயணம் அதுவாக இருந்திருக்கலாம்.

எழுத்தில் அவள் பேர் பதிந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம். ஒன்று செக்ரோல். மற்றது ஞானஸ்நானப் பதிவேடு. ஆங்கிலிக்கன் சபையின் பழைய பதிவேட்டு வடிவத்தைப் பார்த்தால் பிள்ளையின் பேர், தாய் தகப்பன் பேர், இருப்பிடம், பிறகு தகப்பனின் தொழில். தாயின் தொழிலுக்கு அதில் கட்டமே கிடையாது. தினமும் கூடை தூக்கினவளுக்குத் தொழில் இல்லை! ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவள் பேராவது அங்கே இருந்தது.

ஏனென்றால் அடுத்து வந்த அரசாங்கம் அதைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி இதுதான்: உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவரா? இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? அம்மா மடுல்சீமையில் பிறந்தால் என்ன, அம்மாவின் அம்மா பசறையில் பிறந்தால் என்ன, அது எதுக்கும் உதவவில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தகப்பனுக்குப் பதிலாகத் தாயைப் பார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால் கோபம் வருகிறது. கோயிலில் முறையாகக் கைப்பிடித்த மனைவி, அந்தக் காரணத்தாலேயே சட்டத்தின் முன்னால் இல்லாதவள் ஆனாள். 1931இல் கிடைத்த வாக்குரிமையும் 1949இல் பறிபோனது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறினவர்களில் இந்தியாவையே பார்த்திராத தாய்மார் எத்தனை பேர்! புருஷனுக்கு எந்த நாடோ பெண்சாதிக்கும் அந்த நாடு. மூத்த மகன் இங்கே, தாய் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் நம்ம எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

சபைகளும் மெதுவாகத்தான் மாறின. 1972இல் பதுளை தனி மறைமாவட்டம் ஆனபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார அந்தப் பெரிய பதவியை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். கிராமத்து மக்களோடும் தோட்டத்து மக்களோடும் திருச்சபை நிற்க வேண்டும் என்று பேசினார். ஆயரின் பேர் எழுதப்பட்டிருக்கு. அவர் வருவதற்கு நூறு வருஷம் முன்னாலிருந்தே லயத்தில் சபையை நடத்திய பெண்களின் பேர் எழுதப்படவில்லை.

2003இல் இரண்டு காரியம் நடந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அதே வருஷம் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் திருத்தி, தகப்பனைப் போலத் தாய் வழியாகவும் உரிமை வரலாம் என்றார்கள். அம்மாவும் கணக்கில் வர 55 வருஷம் எடுத்திருக்கு. அதற்குள் அந்தத் தாய்மாரில் பாதிப்பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்க தோட்டத்துக் கோயிலிலோ டவுன் கோயிலிலோ பழைய பதிவேடு இருந்தால், குருவானவரிடம் அனுமதி கேட்டுத் திறந்து பாருங்கள். கறையான் அரிக்கிறதுக்கு முன்னால் தாய்மாரின் பேர்களை எழுதி எடுங்கள். வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மலையில் கொழுந்து எடுத்தாங்க, எத்தனை பிள்ளை பெற்றாங்க, எத்தனை தங்கினது, யாருக்கு என்ன நேர்த்தி வைச்சாங்க என்று கேளுங்கள். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்க வேண்டாம், எல்லாப் பாட்டியிடமும் கேட்கலாம். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். முழுப்பேர் போட இன்னும் நேரம் இருக்கு.