தந்திக் கம்பியின் பரீட்சைப் பிரமாணம்

தொண்டை மண்டலத்துச் சாசனங்களை ஊன்றி வாசிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுவதில்லை. கோயிலுக்குத் தானமாக விடப்பட்ட நிலம் இவ்வளவு என்று சொல்லுமிடத்தில், அதை எந்தக் கோலால் அளந்தார்கள், பதினாறு சாண் கோலாலா, வேறு கோலாலா என்பதையும் கல்வெட்டு பல இடங்களில் சேர்த்தே சொல்லிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ, நெல்லை அளக்கும் மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் திருநாமத்தையே இட்டு, அது ராஜகேசரி அளவுக்கு ஒத்தது என்றும் பொறித்து வைத்தார்கள். அளந்த விதத்தைச் சொல்லாமல் அளவை மட்டும் சொன்னால் வழக்குத்தான் மிஞ்சும் என்பது அக்காலத்து ஊர்ச்சபையாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த விவேகம் மின்சார சாஸ்திரத்துக்கு வந்து சேர்வதற்கு வெகுகாலம் பிடித்தது. பெரும் பொருள் நஷ்டத்துக்குப் பிறகே வந்தது. அந்த நஷ்டத்தில் ஒரு பெரும்பகுதி இந்தியாவை நோக்கிப் போட்ட கம்பியில் நேர்ந்தது என்பதை நம்மவர்கள் அதிகம் நினைவுகூர்வதில்லை.

1839-ல் கல்கத்தாவில் ஓஷாக்னஸி என்னும் வைத்தியர் தந்திப் பரிசோதனையைத் தொடங்கினார். 1855-க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைக் கம்பி இணைத்துவிட்டது. ஆனால் ஒரு கம்பி நல்லதா கெட்டதா என்று சொல்ல அன்று பொதுவான பிரமாணம் ஏதும் இல்லை. இங்கிலாந்தில் ஒருவர் ஒரு மைல் தாமிரக் கம்பியின் மின்தடையை அலகாகக் கொண்டார். ஜெர்மனியில் ஒரு ஜெர்மன் மைல் இரும்புக் கம்பி. பிரான்சில் நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கிலோமீட்டர் இரும்புக் கம்பி. தாமிரமோ தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும் என்பதை 1857-ல் விஞ்ஞானி வில்லியம் தாம்ஸன் எடுத்துக் காட்டினார்; ஆகவே அலகாகக் கொண்ட பொருளே நிலையற்றதாக நின்றது.

1858-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போட்ட கம்பி சில வாரங்களுக்குள் ஊமையாகிவிட்டது. கம்பி நீளமாக நீளமாக, அனுப்பும் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கும் என்றும், அந்தக் கலக்கம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும் என்றும் தாம்ஸன் முன்னமே கணித்திருந்தார். கம்பியைப் போட்ட அட்லாண்டிக் கம்பெனியின் தலைமை மின்சார நிபுணராயிருந்த ஒயிட்ஹவுஸ் தம் பரிசோதனைகளையே நம்பி அதை மறுத்து, ஏறக்குறைய இரண்டாயிரம் வோல்ட் அழுத்தத்தை அந்தக் கம்பியில் ஏற்றினார். இருவரும் ஒரே பொருளை ஒரே விதமாய் அளந்திருந்தால் அந்த விவாதம் அத்தனை நாள் நீடித்திராது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனையடுத்து, செங்கடல் வழியாக ஏடன் சென்று கராச்சியை எட்டும்படி 1859, 1860-ஆம் ஆண்டுகளில் போட்ட கம்பியும் பாழாயிற்று. எட்டு லட்சம் பவுன் முதலீட்டுக்கு ஐம்பது ஆண்டு வட்டி கொடுப்பதாக பிரிட்டிஷ் அரசாங்கம் பிணை நின்றிருந்ததால், செய்தியே போகாத கம்பிக்கு வருஷந்தோறும் பணம் போய்க்கொண்டிருந்தது.

இந்த அடிகளே புத்தி தந்தன. அரசாங்கமும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து நியமித்த விசாரணைக் குழு 1861-ல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு மான்செஸ்டரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தில் லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் என்னும் இரு எஞ்சினீயர்கள் மின் அளவுகளுக்குப் பொது அலகுகள் வேண்டுமென்று வாதித்தார்கள். அதற்கெனத் தாம்ஸன் முதலியோர் அடங்கிய குழு அமைந்தது. விஞ்ஞானி மாக்ஸ்வெல்லும் பின்னர் அதில் சேர்ந்து உழைத்தார். 1865-ல் வெளியான அவர்களது தடை அலகு உண்மையான மதிப்பைவிட நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. எனினும் எல்லோரிடமும் ஒரே அலகு இருந்ததால், பிழையைக்கூட எல்லோருமாகத் திருத்த முடிந்தது.

அலகு ஒன்றானால் மட்டும் போதாது என்பதுதான் இவ்வரலாற்றின் ரஸமான பகுதி. சித்திரை மாதத்து உச்சிவேளையில் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் ஒரு தாமிரக் கம்பியின் தடையை அளந்து, அதே கம்பியை மார்கழி விடியற்காலையில் மறுபடி அளந்தால், ஒரு குறையுமில்லாத அக்கம்பியே நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு வேறுபட்டுக் காட்டும். இரும்பானால் அதனினும் அதிகம். கடலடிக் கம்பியைப் போர்த்திய கட்டாபெர்ச்சா என்னும் பிசினின் காப்புத்திறனோ, உஷ்ணம் ஏற ஏறப் பன்மடங்கு குறைந்துபோகும். மின்சாரத்தை ஏற்றியவுடன் ஒரு அளவும், சற்றுப் பொறுத்து வேறொரு அளவும் அது காட்டும். ஆதலால் கம்பியை 75 பாகை ஃபாரன்ஹீட் உஷ்ணமுள்ள நீரில் அமிழ்த்தி வைத்து, மின்சாரம் ஏற்றிச் சரியாக ஒரு நிமிஷம் கழித்தே காப்பை அளப்பது என்னும் நியதி கடலடிக் கம்பித் தொழிலில் வேரூன்றியது. உஷ்ணம், நேரம், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் எழுதாத பரீட்சை, பரீட்சையாகவே கொள்ளப்படவில்லை. 1864-ல் பாரசீக வளைகுடா வழியாகப் பிரைட்டும் கிளார்க்கும் போட்ட கம்பி இந்தியாவை மேல்நாட்டோடு நிலையாகப் பிணைத்தது. 1871-ல் சென்னையும் பினாங்கும் கடலடியில் கைகோத்தன.

நிலத்தில் ஓடிய கம்பிக்கு இந்த நியதியை வகுத்துத் தந்தவர் லூயி ஷ்வெண்ட்லர் என்னும் ஜெர்மானியர். கல்கத்தா மிருகக்காட்சிசாலை தோன்றப் பாடுபட்ட பெரியவரும் அவரே. தந்தி இலாகாவுக்காக, கம்பிகளைப் பரீட்சிக்கும் முறைகளை விளக்கி 1870-களின் இறுதியில் அவர் எழுதிய நூல் கடல் கடந்தும் மதிப்புப் பெற்றது. ஐப்பசி மழையில் கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் நனைந்து மின்சாரம் கம்பத்தின் வழியே கசிவது வேறு, கம்பி எங்கோ அறுந்து மண்ணில் கிடப்பது வேறு. இவ்விரண்டையும் நெடுந்தூரத்திலுள்ள ஆபீஸில் உட்கார்ந்தபடியே பகுத்தறிய வேண்டுமானால், கோட்டின் இரு முனையிலும் இருப்பவர்கள் ஒரே முறையில் அளந்திருக்க வேண்டும். 

இதே தேவை இன்று கணினிக்குள்ளும் எழுந்திருக்கிறது; அங்கே துடிப்புகள் விநாடிக்கு நூறு கோடிக் கணக்கில் ஓடுகின்றன. சமுத்திரத்தின் அடியில் கண்ட கலக்கம் கணினிப் பலகையின் ஒரு சாண் நீளத் தடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அளக்கும் கருவியின் முனை எங்கே முடிகிறது, தடம் எங்கே தொடங்குகிறது, எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எத்தனை ஓம் ஆதாரத்தில் அளப்பது என்று இரு ஆய்வுக்கூடங்கள் முன்கூட்டியே இசையாவிட்டால், ஒரே பலகைக்கு இரண்டு தீர்ப்பு வரும். இதற்கென 50 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுகளுக்கு ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கத்தின் 370 என்னும் நியமம் 2020-ல்தான் ஏற்பட்டது.

இந்தியத் தந்தி சேவை 2013 ஜூலை 15-ஆம் தேதி முதல் நின்றுவிட்டது. தந்தி ஆபீஸிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வீட்டுப் பரணில், கம்பிகளைப் பரீட்சித்து எழுதிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றேனும் கிடக்கக்கூடும். அதைப் பழைய காகிதக்காரரிடம் எடை போட்டு விடாமல், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ அருகிலுள்ள கல்லூரியிலோ சேர்க்குமாறு இதை வாசிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.