இருட்டைப் பார்த்துப் போகும் கொடி

மணி பிளான்ட்டின் விதையைச் சென்னை அம்பத்தூரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அப்படித்தான். பூவையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஜன்னல் கம்பியில், டிவிக்குப் பக்கத்தில், மாடிப்படித் திருப்பத்தில் என்று வீட்டுக்கு வீடு இருக்கும் இந்தக் கொடி விதையிலிருந்து முளைத்ததல்ல. ஒருவர் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு கணுவை வெட்டி இன்னொருவர் வைத்தது. அந்த ஒருவருக்கும் வேறு யாரோ கொடுத்தது. திருடி வைத்தால்தான் நன்றாக வளரும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. விதையே இல்லாத ஒரு செடி ஊர் முழுக்கப் பரவியதில் அந்த நம்பிக்கைக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிக் கணுக்கணுவாகப் பின்னோக்கிப் போனால் எங்கே போய் நிற்போம்?

பசிபிக் கடலின் நடுவில், தஹிதிக்கு எதிரே, மோரேயா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. எரிமலையால் உண்டான செங்குத்து மலைகள், அவற்றின் மேல் ஈரக் காடு. இந்தக் கொடியின் பிறந்த மண் அதுதான் என்று தாவரவியலாளர்கள் இன்று சொல்கிறார்கள். ஆனால் 1880இல் பெல்ஜியத்தில் ழான் லிண்டன் என்ற செடி வணிகரும் எதுவார் ஆந்த்ரே என்ற தோட்டக்கலை எழுத்தாளரும் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்தபோது, சாலமன் தீவுகளிலிருந்து வந்த செடி என்றே நினைத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் பொத்தோஸ் ஆரியஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மரமேறும் வேறொரு கொடியின் பேரினம் அந்தப் பொத்தோஸ். 1908இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் எங்ளர் இதை அங்கிருந்து எடுத்து, யானைத்திப்பிலியின் பேரினத்தில் சேர்த்தார். 1962இல் இன்னொரு மாற்றம். அதன் பிறகே எபிப்ரெம்னம் ஆரியம் என்ற இன்றைய பெயர் வந்தது. நர்சரிக்காரர்கள் மட்டும் முதல் பெயரை விடவில்லை. அவர்களுக்கு இது இன்றும் ‘கோல்டன் பொத்தோஸ்’தான்.

ஒரு செடிக்கு ஏன் இத்தனை இடமாற்றம்? இந்தக் கூட்டத்துக் கொடிகளை இலையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பூவையும், அதற்குள் விதை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கொடியோ பூப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் அபூர்வமாகப் பூத்தபோதுதான் பெயர்ச் சிக்கல் அவிழத் தொடங்கியது. 1964க்குப் பிறகு, தானாகப் பூத்ததாக ஒரு பதிவும் இல்லை. காரணத்தை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்ததும் கொடி பூத்தது. ஆகவே கொரட்டூர் வீட்டில் இருப்பதும் சிட்னி வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே செடியின் துண்டுகள். இது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

பிறந்த இடத்தைச் சொன்னேன். அங்கே இது எப்படி வாழ்ந்தது என்பதில்தான், வெளிச்சம் குறைந்த நம் அறைக்குள் இது ஏன் பிழைக்கிறது என்பதற்கான விடை இருக்கிறது.

அடர்ந்த காட்டின் தரையில் வெயில் விழாது. மேலே உள்ள இலைகள் அதை வாங்கிக்கொண்டது போக, மிகச் சிறு பங்குதான் கீழே வரும். அங்கே இருக்கும் ஓர் இளங்கொடி என்ன செய்யும்? வெளிச்சத்தைப் பார்த்து வளரும் என்றுதான் நமக்குத் தோன்றும். 1975இல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள், மணி பிளான்ட்டின் உறவான மான்ஸ்டெரா கொடி ஒன்றின் நாற்றுகளைக் கவனித்து, அதற்கு நேர்மாறாக எழுதினார்கள். அந்த நாற்று இருட்டு எங்கே அதிகமோ அங்கே போகிறது. காட்டுத் தரையில் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மிக இருண்டு தெரிவது பக்கத்துப் பெரிய மரத்தின் அடிமரம். அதைத் தொட்டதும் கொடி திரும்பி, வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்குகிறது. இருட்டு அதற்கு மரத்தைக் காட்டிக்கொடுக்கும் வழி. இந்தக் குடும்பத்துக் கொடிகளுக்கு மங்கல் வெளிச்சம் என்பது மரம் கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம்.

நம் அறைகளில் அந்தக் காலம் முடிவதே இல்லை. வீட்டுக்குள் உள்ளங்கை அளவு இலை விடும் அதே மணி பிளான்ட், தோட்டத்துத் தென்னையிலோ மாமரத்திலோ ஏறிவிட்டால் கை நீளத்துக்கு இலை விட்டு, ஓரம் கிழிந்து, வேறு செடிபோல நிற்பதை ஆவடியின் பழைய குடியிருப்புகளில் பார்க்கலாம். அதுதான் வளர்ந்த கொடி. நாம் தொட்டியில் வைத்திருப்பது குழந்தை. ஜன்னலிலிருந்து கீழே தொங்கவிட்டால் இலை இன்னும் சிறுக்கும். தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, அதை நனைத்து வைத்தால், கணுவிலிருந்து வரும் வேர் அதைப் பிடித்து ஏறும், இலையும் பெருக்கும்.

காட்டுக்கொடி அறைக்குள் வந்ததற்கு லண்டனின் நிலக்கரிப் புகையும் ஒரு காரணம். நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் 1829 வாக்கில் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்தார். அவர் எதிர்பாராமல் உள்ளே ஒரு பெரணி முளைத்தது. வெளியே புகையில் சாகும் செடி உள்ளே பிழைத்தது. 1833இல் அதே முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் லண்டனிலிருந்து சிட்னிக்குச் செடிகளை அனுப்பிப் பார்த்தார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு வெப்பமண்டலச் செடிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த கூடங்களில் எது தாங்குமோ அது நிலைத்தது, மற்றது செத்தது. இன்று நாம் ‘இன்டோர் பிளான்ட்’ என்று வாங்கும் பட்டியலில் பெரும்பகுதி அந்தக் கூடங்களில் தேறியது.

நம் மேற்குப் புறநகரின் கூடம் வேறு மாதிரி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதைச் சுற்றி வீடுகள் நெருங்கின. பக்கத்துச் சுவருக்கும் நம் ஜன்னலுக்கும் நடுவில் ஆள் போகும் இடம்தான் பல தெருக்களில் மிச்சம். தரைத்தள வீட்டில் நண்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. நமக்குக் குளிர் என்றால் ஏசி. அதையும் 24 டிகிரியில் வைத்தால் இந்தக் கொடிக்கு ஒரு குறையும் இல்லை. காற்று நேராக இலைமேல் அடித்தால் மட்டும் ஓரம் கருகும்.

இப்படிப்பட்ட அறைக்குக் கொடி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அது எதைப் பிடித்து ஏறுகிறது என்பதை. பாகல் பற்றுக்கம்பியால் ஏறுகிறது. அவரையும் சங்குப்பூவும் முல்லையும் சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இவை பெரும்பாலும் வெயில் கேட்பவை, அறைக்குள் வேண்டாம். கணுவில் வேர் விட்டு ஒட்டி ஏறுபவை வேறு. மிளகும் வெற்றிலையும் அந்த வகை. அவற்றுக்கு நிழல் வேண்டும் என்பது கொடிக்காலில் அகத்தி நடும் நம் விவசாயிகளுக்கு எப்போதோ தெரியும். ஆனால் வெற்றிலைக்கு வேண்டிய ஈரம் ஏசி அறையில் கிடைக்காது. மிஞ்சுவது மணி பிளான்ட்டும், இதய வடிவ இலை கொண்ட பிலோடென்ட்ரானும், சிங்கோனியமும். பின்னவை இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் பிறந்தவை. மூன்றும் நம் சேம்பு, சேனையின் குடும்பம்தான்.

நர்சரியில் வெள்ளை தெறித்த மார்பிள் குயின் என்ற மணி பிளான்ட் வகை கண்ணை இழுக்கும். வெளிச்சம் குறைந்த அறைக்கு அது வேண்டாம். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அந்த இலை பாதி வயிற்றோடு வாழ்கிறது. முழுப் பச்சை இலையே இருட்டுக்கு ஏற்றது. ஐவி கொடி ஊட்டியில் அழகாக ஏறும். சென்னை மே மாதத்தை அது தாங்குவது கடினம். விளக்குப் போடாமல் நண்பகலில் செய்தித்தாள் படிக்க முடிந்தால் அந்த அறை மணி பிளான்ட்டுக்குப் போதும். முடியாவிட்டால் நாளுக்குப் பத்து மணி நேரமாவது எல்.ஈ.டி விளக்கு பக்கத்தில் எரிய வேண்டும்.

மங்கலான, குளிர்ந்த அறையில் மண் மெதுவாகத்தான் காயும். இந்தக் கொடியைக் கொல்வது பெரும்பாலும் இருட்டல்ல, அன்போடு தினமும் ஊற்றும் தண்ணீர். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பாட்டில் தண்ணீரில் வைப்பவர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது அதை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.

இது காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்ற ஆய்வாளர் செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் கதவு திறந்து மூடும் வீட்டில் காற்றோட்டமே தரும் பலனைச் செடிகள் தர, சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று பிந்தைய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. காற்றுக்காக வாங்க வேண்டாம், பச்சைக்காக வாங்குங்கள். கருணைக்கிழங்கை அரிக்க வைக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் இருப்பதால் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கத்தரித்த தண்டுகளை எங்கே போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கண்டியில் உடவத்தகலை காப்புக்காட்டில் இந்தக் கொடி பல ஏக்கரில் தரையை மூடி, மரங்களிலும் ஏறி, காட்டுச் செடிகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. அங்கும் விதை போட்டுப் பரவவில்லை. ஒவ்வொரு கணுவும் வேர் விட்டதுதான். ஏரிக்கரை மரத்தடியில் வீசும் ஒரு முழத் தண்டில் நாலைந்து கணு இருக்கும். அதை நறுக்கி, ஈரம் முழுக்கக் காயும்வரை வெயிலில் பரப்பிய பிறகு உரக்குழியில் போடலாம். இல்லையென்றால் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.