ரோமானியரின் ஓய்வுக்கால வாழ்வு: பண்ணைவீடும் எட்டு நாள் வாரமும்

முதுமையில் நகரப் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆயினும் நகரத்தோடுள்ள தொடர்பை அறவே அறுத்துவிடாமல், வயலும் தோட்டமும் சூழ்ந்த இடத்தில் நாள்களைக் கழிப்பது பண்டைய ரோமின் உயர்குடியினரிடையே ஒழுங்குபெற்ற வாழ்க்கைமுறையாகவே வளர்ந்திருந்தது. பொதுப்பணியினின்று விடுபட்டுப் படிப்பிலும் நட்பிலும் உடலைப் பேணுவதிலும் செலவிடும் ஓய்வை அவர்கள் ‘ஓட்டியம்’ என்றனர். 60 வயதைக் கடந்த செனட் உறுப்பினரைச் சட்டம் அவைக்கு அழைப்பதில்லை என்று தத்துவ அறிஞர் செனெக்கா குறிப்பிடுவதால், இந்த ஓய்வுக்குச் சட்டத்தின் இசைவும் இருந்தது புலனாகிறது.

ரோமுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டஸ்குலத்தில், அரசியலாளரும் எழுத்தாளருமான சிசரோவுக்கு ஒரு ‘வில்லா’, அதாவது நிலத்தோடு கூடிய பண்ணைவீடு, இருந்தது. முதுமையைப் பற்றிக் கி.மு. 44-இல் அவர் இயற்றிய உரையாடல் நூலில், முந்தைய தலைமுறை அரசியலாளரான 84 வயதுக் கேட்டோ பேசுவதாக அமைந்த பகுதி, திராட்சைக் கொடி துளிர்த்துக் கனிவதைக் காண்பதையும், தேனீக்களையும் பழத்தோட்டத்தையும் பேணுவதையும், குளிர்காலத்தில் கணப்பருகிலும் கோடையில் நிழலிலும் அமர்ந்திருப்பதையும் முதியோருக்குரிய இன்பங்களாகப் போற்றுகிறது.

இத்தகைய ஓய்வு நாள் ஒன்று எவ்வாறு கழிந்தது என்பதை, இருமுறைக்குக் குறையாமல் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவி வகித்த வெஸ்ட்ரிசியஸ் ஸ்பூரின்னாவைப் பற்றி எழுத்தாளர் இளைய பிளினி எழுதிய கடிதம் விரிவாகக் காட்டுகிறது. 77 வயதைக் கடந்த ஸ்பூரின்னா காலையில் 3 ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர், நடப்பார். உடன் நண்பர்கள் இருந்தால் உரையாடலும், இல்லையெனில் நூல் வாசிப்பும் நிகழும். பின்னர் மனைவியோடோ நண்பர் ஒருவரோடோ வண்டியில் 7 மைல் சென்று, மீண்டும் ஒரு மைல் நடந்து, அறைக்குத் திரும்பி லத்தீனிலும் கிரேக்கத்திலும் இசைப்பாக்கள் எழுதுவார். காற்றில்லாத நாளில் வெயிலில் உலவி, பந்தாடி, கோடையில் எட்டாம் மணியிலும் குளிர்காலத்தில் ஒன்பதாம் மணியிலும் நீராடுவார். ரோமானியர் பகற்பொழுதைச் சூரிய உதயம் முதல் மறைவு வரை பன்னிரண்டு மணிகளாகப் பகுத்ததால், இது நடுப்பகல் கழிந்த பிற்பகல் வேளையாகும். மாலை உணவு எளியதாக இருந்தாலும் பழைய வெள்ளித் தட்டுகளில் பரிமாறப்பட்டது. இடையிடையே நகைச்சுவை நாடகப் பகுதிகளும் நடிக்கப்பட்டன. அவருடைய கண்ணும் காதும் தளராமல் இருந்ததற்கு இந்த மாறாத ஒழுங்கே காரணம் எனக் கருதிய பிளினி, தம் முதுமைக்கும் அதையே முன்மாதிரியாகக் கொண்டார்.

நாளுக்கு இத்தகைய ஒழுங்கு இருந்தது போலவே வாரத்துக்கும் ஒன்று இருந்தது. எட்டு நாள்களுக்கு ஒருமுறை கூடிய சந்தை ‘நூண்டினே’ எனப்பட்டது. நாள்காட்டிகளில் லத்தீன் நெடுங்கணக்கின் முதல் எட்டு எழுத்துகளைச் சுழற்சியாக எழுதி அதன் நாளைக் கணித்தனர். உழவர்கள் விளைபொருளோடு ஊருக்கு வந்து, விற்று, வாங்கி, செய்தி அறிந்து திரும்பும் நாள் அது. முன்னோர் நாள்தோறும் கைகால்களை மட்டும் கழுவி, சந்தை நாளில்தான் உடல் முழுதும் நீராடினர் என்று, படைத்தலைவர் ஸ்கிப்பியோ இறுதிக்காலத்தைக் கழித்த லிட்டர்னம் பண்ணைவீட்டின் குறுகிய, இருண்ட குளியலறையைக் கண்ட செனெக்கா எழுதுகிறார். ஏழு நாள் வாரம் படிப்படியாகவே இந்த எட்டு நாள் சுழற்சியின் இடத்தைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அறிவித்தது கி.பி. 321-இல் ஆகும்.

நடை, வாசிப்பு, நீராடல், நண்பரோடு உண்ணல் ஆகிய இந்த இன்பங்கள் எளியவை; ஆனால் உரக்க வாசித்தவரும், குளியலறைக்கு அடுப்பெரித்தவரும், கொடிகளைக் கவாத்து செய்தவரும் பெரும்பாலும் அடிமைகளே. முதுமையின் இன்பங்களைப் பேசுபவராகச் சிசரோ படைத்துக் காட்டிய அதே கேட்டோ, தாம் எழுதிய வேளாண்மை நூலில், வயது முதிர்ந்த அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறு பண்ணை உரிமையாளருக்கு அறிவுரை கூறுகிறார். ரோமானிய ஓய்வின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு நூல்களையும் ஒருசேர வைத்தே எழுத வேண்டும்.