ஃபிமோ: பொம்மைத் தலைக்கு வந்து கேக்கான களிமண்

பெயட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட 'இரண்டு கெட்ட எலிகளின் கதை' என்ற குழந்தைகள் புத்தகத்தில், இரண்டு எலிகள் ஒரு பொம்மை வீட்டுக்குள் புகுந்துவிடும். மேசை நிறைய சாப்பாடு! ஆசையாக வெட்டிப் பார்த்தால் கத்தி இறங்காது. இறைச்சி, மீன், புட்டிங் எல்லாமே சாயம் பூசிய பிளாஸ்டர். எலிகளுக்கு வந்ததே கோபம்... எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிடும்.

அந்தக் காலத்துப் பொம்மை வீட்டுச் சாப்பாடு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. பாத்திரங்களுக்குக் குறையே இல்லை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் பல நூற்றாண்டுகளாகப் பொம்மைச் சமையலறைகளுக்குப் பேர்போனது. நம் ஊர் சொப்புச் சாமான் மாதிரிதான், ஆனால் அசல் பாத்திரத்தைப் போலவே உலோகத்தில் செய்தவை. அதில் வைக்கும் உணவுதான் பிளாஸ்டர், மரம், மெழுகு என்று இருந்தது. நிறம் மேலே மட்டும். கேக்கை ஒரு துண்டு வெட்டி உள்பக்கத்தைக் காட்ட வழியில்லை.

அதற்கு வழி பிறந்தது இன்னொரு பொம்மைக்காரர் வீட்டில். கேத்தே குரூஸ (1883-1968) ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மை தயாரிப்பாளர். சிற்பியான கணவர் கடை பொம்மை வாங்கித் தர மறுத்ததால், 1905இல் மகளுக்காகத் தானே துணியில் பொம்மை செய்யத் தொடங்கியவர் என்பார்கள். 1939இல், பேக்கலைட்டுக்கு மாற்றாகத் தயாரான ஒரு பிளாஸ்டிக் கலவை அவரிடம் வந்தது. பொம்மைத் தலை செய்ய ஆகுமா என்று பார்த்தார்கள். தொழிற்சாலைக்கு அது ஒத்துவரவில்லை. கேத்தே அதைத் தன் மகள் சோஃபியிடம் கொடுத்துவிட்டார்.

சோஃபியின் செல்லப்பெயர் ஃபிஃபி. பெயரைப் பார்த்து, ஏதோ சிறுமி விளையாட்டாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது அவர் முப்பதைத் தாண்டியவர். தொழிற்சாலைக்கு உதவாத அந்தக் கலவையை, வீட்டில் யாரும் கையால் பிசைந்து உருவம் செய்யக்கூடிய பொருளாக மாற்றித் தன் பெயரிலேயே விற்றவர் அவர். 1964இல் அந்தச் செய்முறை பென்சில் நிறுவனமான எபர்ஹார்ட் ஃபேபருக்குப் போனது. 1966 முதல் அது 'ஃபிமோ' என்று சந்தைக்கு வந்தது. அதில் உள்ள 'ஃபி' அவர்தான்! ஃபிமோவைப் பிசைகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? 1978இல் எபர்ஹார்ட் ஃபேபரை ஸ்டெட்லர் வாங்கியது. ஸ்டெட்லரின் ஊர் எது தெரியுமா? பொம்மைச் சமையலறைகளின் அதே நியூரம்பெர்க். அமெரிக்காவில் 'ஸ்கல்பி' என்ற இதே வகைக் களிமண் 1960களில் தனியாக உருவானது.

களிமண் என்று பெயர்தானே தவிர இதில் மண் கிடையாது. பிவிசி பிளாஸ்டிக் தூள், அதை இளக்கமாக வைக்கும் திரவம், நிறமி, அவ்வளவுதான். வெளியில் வைத்தால் மண்ணைப் போலக் காய்ந்து போகாது. சாதாரண அவனில் 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். சூடு மிகவும் கூடினால் கருகி, நச்சுப் புகை வரும்.

பிளாஸ்டரால் முடியாதது இதில்தான் முடிந்தது. நிறம் உள்ளே வரை இருப்பதால் கேக்கை வெட்டினால் அடுக்குகள் தெரியும். பொம்மை வீட்டின் வழக்கமான அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது 24 செ.மீ. கேக், 2 செ.மீ. ஆகிவிடும். அதன் மேல் எலுமிச்சைத் துண்டு வைப்பது எப்படி? முதலில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருளை செய்வார்கள்: நடுவில் மஞ்சள் சுளைகள், இடையிடையே வெள்ளை, சுற்றிலும் தோல். பிறகு அதை மெதுவாக உருட்டி உருட்டி, சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனாகும் வரை நீட்டுவார்கள். எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருக்கும் படம் கலையாது, சிறுத்துக்கொண்டே போகும். பிளேடால் சீவச் சீவ ஒவ்வொன்றும் ஓர் எலுமிச்சைத் துண்டு. ஸ்பாஞ்ச் கேக்கின் சொரசொரப்புக்கு ஊசியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். அடுப்பில் வெந்த பழுப்பு நிறத்துக்கு, சாக் பேஸ்டலைப் பொடித்து, சுடுவதற்கு முன்பு தூரிகையால் லேசாகத் தடவுவார்கள்.