தட்டும் மிதவையும்

ஓர் ஏரி தெளிகிறதா, கலங்குகிறதா என்பதை ஒரே பருவத்தில் சொல்லிவிட முடியாது. பல்லாண்டு அளவுகள் வேண்டும். அவற்றைப் பகுத்துப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். முதலாவதைத் தருவது, அமெரிக்காவின் மினசோட்டாவில் 1973இல் தொடங்கிய மக்கள் ஏரிக் கண்காணிப்புத் திட்டம். இரண்டாவதைத் தந்தது, 2005இல் உருவான ‘கிளியான்’ என்ற உலக ஏரி ஆய்வு வலையமைப்பு முதுநிலை மாணவர்களுக்கென நடத்திய ஆய்வு நல்கைத் திட்டம்.

மினசோட்டாவில் கருவி எளியது. ‘செக்கித் தட்டு’ என்ற வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்குவார்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவு. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கடலில் சோதித்த முறை இது. கிளியான் ஏரிகளிலோ உணரிகள் பொருத்திய மிதவைகள் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிகின்றன. குவியும் எண்களைப் பல நாட்டு மாணவர்களோடு குழுவாகப் பகுப்பாய்வதே நல்கை பெற்றவரின் பயிற்சி.

பெரிய வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கரையில் வாழ்பவர் அதே இடத்தில் இருபது, முப்பது கோடைகள் தட்டை இறக்குகிறார். மாணவரின் நல்கை ஓரிரு ஆண்டில் முடிகிறது. பிறகு அவர் வேறு ஊர் போகிறார். பாசி எந்த ஆண்டு படர்ந்தது என்று கரைக்காரருக்குத் தெரியும். அதற்கு மழை காரணமா, வயலிலிருந்து வந்த பாஸ்பரஸ் காரணமா என்று பிரித்தறியும் முறை மாணவருக்குத் தெரியும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? 2014இல் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில் உள்ள 3,251 ஏரிகளில் மக்கள் எடுத்த 1,40,000க்கும் மேற்பட்ட அளவுகளைத் திரட்டி, நீர்த்தெளிவின் நீண்டகாலப் போக்கைக் காட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் சுனப்பீ ஏரியில் 1898 முதல் இயங்கும் பாதுகாப்புச் சங்கம் கிளியானிலும் பங்கேற்கிறது. அங்கே நீலப்பச்சைப் பாசியை ஆராய்ந்த மாணவர்களுக்கு ஏரிக்கரைக் குடும்பங்கள் துணை நின்றன.

ஆகவே, மக்கள் இல்லாத நல்கைக்கு நினைவு குறைவு. ஆய்வாளர் இல்லாத அளவுகள் ஏட்டிலேயே உறங்கும். நல்கை தருவோர் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: மாணவர் தம் முடிவை ஆய்விதழில் வெளியிடுவதோடு நிற்காமல், அளவெடுத்தவர்களின் கரைக்கே வந்து, அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அடுத்த கோடையிலும் தட்டு நீரில் இறங்க அதுவே வழி.