நெய்வேலி மண்மேடுகளில் நீரின் வழி

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் மேல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மணலும் களியும் மணற்பாறையும் கிடக்கின்றன. படிவத்துக்குக் கீழே, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர் இருக்கிறது. மேலுள்ள பாரத்தை அகற்றினால் அந்த அழுத்தம் சுரங்கத் தரையையே பிளந்துவிடும். அதனால் 1961இல் நிலக்கரி வெளிப்பட்ட காலந்தொட்டு அங்கே நீரிறைப்பு ஓயவில்லை. தோண்டி முடித்த நிலத்தை மீட்பது என்றாலே மரம் நடுவது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் மேலிருந்து மழைநீரும் கீழிருந்து ஊற்றுநீரும் நெருக்கும் இத்தகைய நிலத்தில் வடிகாலே முதல் வேலை. மரம் அதன் பிறகுதான்.

ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. வாளிச்சக்கர இயந்திரம் வெட்டியதைக் கன்வேயர் சுமந்து போகிறது, ஸ்ப்ரெடர் என்னும் மண்பரப்பி இயந்திரம் மேடாகக் கொட்டுகிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்காவிட்டால் அடுக்கு தலைகீழாகிறது: ஆழத்துக் களி மேலே வருகிறது, விளைந்த மண் அடியில் புதைகிறது. வெட்டிய மண் பருமன் பெருகிப் பின் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமிழாது. முதல் நாள் சீராக அமைத்த சரிவில் சில மழைக்காலங்களுக்குள் பள்ளங்கள் விழுகின்றன. அங்கே தேங்கும் நீர் உள்ளே கசிந்து மேட்டையே சரிக்கக்கூடும்.

ஐப்பசி மழையின் முதல் துளிகள் புல்லில்லாத களிமேட்டில் விழும்போது மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைக்கின்றன. வெயில் அடித்ததும் மேற்பரப்பு ஏடு ஏடாகப் பெயர்கிறது. அடுத்த மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடுகிறது. விரல் அகலத்தில் தொடங்கும் கோடு, கார்த்திகை முடிவதற்குள் ஆள் இறங்கி நிற்கும் ஓடையாகிவிடும். கரைந்த மண் வாய்க்கால் வழியாக ஏரியில் படிகிறது. சுரங்கத்தில் இறைத்த நீர் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. அதே வடிநிலத்தில் வண்டல் சேர்ந்தால் ஏரியின் கொள்ளளவு குறைகிறது. இந்த இழப்பை ஆயக்கட்டு விவசாயி சுமப்பது நியாயமன்று.

ஆகவே மண் கொட்டும்போதே வடிகாலைத் திட்டமிட வேண்டும். மேட்டுச் சரிவின் படிமேடை ஒவ்வொன்றும் உட்புறம் சாய்ந்து, நீரைக் கல் பதித்த இறக்குவாய்க்காலில் சேர்க்க வேண்டும். அடிவாரத்தில் தடுப்புச்சுவரும் சுற்றுவடிகாலும், அதன் முடிவில் வண்டல் படியும் குளமும் தேவை. எடுத்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, தொழுவுரம் இட்டு, வெட்டிவேரும் கொழிஞ்சி, தக்கைப்பூண்டு போன்ற பயறுவகைப் பசுந்தாள் செடிகளும் வேர் பிடித்த பின் மரம் நடலாம். நெல்லுக்கென நிலத்தைச் சமன் செய்யும் இடத்தில், மண் அமிழ்ந்து அடங்கும்வரை ஆண்டுதோறும் மட்டம் பார்ப்பதும் அவசியம்.

கடைசி வெட்டுக் குழிக்கு இன்னொரு கணக்கு உண்டு. இறைப்பை நிறுத்தியதும் ஊற்றுநீர் மெல்ல எழுந்து குழியையும், கொட்டிய மண்ணின் அடிப்பகுதியையும் நனைக்கும். அந்த நீர் எந்த மட்டத்தில் நிற்கும், மிகுதி எந்த ஓடைக்குப் போகும் என்பதைச் சுரங்கம் இயங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும்.

நட்ட மரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மீட்புப் பணிக்குச் சான்று வழங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மேட்டின் வடிகாலில் வரும் நீரின் வண்டலை அளந்து பார்த்த பிறகே அதை வழங்க வேண்டும்.